பாவச் சுமையும் பிரமகத்தியும்

திருவிடைமருதூர் மகாலிங்கப் பெருமான் திருக்கோயிலிற் கீழைவாயில் வழியே புகுவோர் அவ்வாயில் வழியே மீளுதல் மரபன்று. வரகுண பாண்டியனைத் தொடர்ந்துவந்த பிரமகத்தி அவ்வாயிலிலே நின்றுவிட, அவன் மேலைவாயில் வழியே புறம்போந்து உய்ந்தான் என்பது தலவரலாறு. பிரமகத்தியின் உருவமும் கீழைவாயிற்கண் உளது. இரவிற் குதிரைமேல் விரைந்து மீண்ட அரசன், வழியிற் கிடந்துறங்கிய அந்தணன் ஒருவன் தன் குதிரையின் குளம்படியிற் பட்டு இறந்ததனை அறியாதே சென்றான் எனவும், அறியாது செய்ததாயினும் அக்கொலைப்பழி அவனை விடாது பற்றிற்று எனவும், சோமசுந்தரக் கடவுள் அருளியவாறே அவன் இடைமருதூரை எய்தி அது நீங்கப்பெற்றான் எனவும் பரஞ்சோதி முனிவர் திருவிளையாடற் புராணங் கூறும்.

இதனோடு ஒருங்குவைத்து எண்ணத்தக்கதொரு நிகழ்ச்சி, கிறித்தவக் காப்பியமாகிய இரட்சணிய யாத்திரிகத்துள் உளது. அழிவுக்குரிய நகரை விட்டு, முதுகிற் பாவச் சுமையைத் தாங்கிச் செல்லும் யாத்திரிகன் ஒருவன் சிலுவையினடியை எய்திய அளவிலே அச்சுமை தானே கழன்று வீழ்கின்றது. இரண்டிடத்தும் வினையுடையான் ஒருவன் ஓரிடத்தை அடைகின்றான். அடைந்த அளவிலே அவனைப் பற்றியது அவனை விடுகின்றது. விடுவித்தார் யாவர், எவ்வாற்றான் விடுவித்தார், விடப்பட்டவன் பின்னர் ஆற்றுங் கடன் யாது என்னும் மூன்று வினாக்களுக்கும் இருதிறத்தார் கூறும் விடைகள் ஒக்குமாறும் வேறுபடுமாறும் ஆராய்தல் பயனுடைத்து.

இரட்சணிய யாத்திரிகத்தை இயற்றியவர் எச். ஏ. கிருஷ்ண பிள்ளை என்பார். இவர் 1827இல் திருநெல்வேலிச் சீமையைச் சார்ந்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தார், 1858இல் கிறித்தவ சமயம் புகுந்தார், 1900இல் மறைந்தார். இக்காப்பியம் 1894இல் வெளிவந்தது. ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவம் என ஐந்து பருவங்களும் 3766 பாக்களும் உடையது. இதற்கு முதனூல், இங்கிலாந்து தேசத்து ஜான் பனியன் என்பார் 1678இல் வெளியிட்ட உரைநடைக் கதை. கம்பர் நெறியில் ஒழுகும் விருத்தங்களாற் பாடிய ஆசிரியர், இடையிடையே தேவாரம் என்னும் பெயராலே இசைப்பாக்களும் அமைத்தார். சைவர்க்குரிய திருப்பெயரைப் பிறர் எடுத்தாண்டமை கண்டு சினத்தல் வேண்டா. தம் கடவுளைத் தமிழில் உளமுருகிப் பாடக் கருதிய ஒருவர்க்கு வேறு பெயர் வாய்த்திலது என்பதே அதனாற் பெறப்படும்.

முதனூலிற் சிலுவை வழியிடை நிற்கும் ஒரு குறியேயன்றி, அதன்கண் உயிர்நீத்தார் வரலாறு ஆண்டு விரிக்கப்பட்டிலது. அந்நாட்டுக் கற்போர் அதனைக் குழவிப் பருவந்தொட்டே கேட்டிருந்தமையின் விரித்தல் வேண்டப்பட்டிலது. தமிழ்நாட்டார்க்கு அவ்வரலாறு புதிது. ஆதலின் கிருஷ்ண பிள்ளை, இயேசுநாதர் காட்டிக்கொடுக்கப்பட்டதும், மன்றில் நிறுத்தப்பட்டதும், இகழப்பட்டதும், சிலுவையில் உயிர்நீத்ததுமாகிய செய்திகளைக் குமார பருவத்து இரட்சணிய சரித படலத்தில் விரித்துப் பாடினார். சுமை கழன்றதென்று கூறி ஒழியாது, கழன்றதற்குக் காரணமுங் காட்டல் வேண்டும் எனக் கண்டமை இவ்வாசிரியரது நுண்ணறிவைப் புலப்படுத்தும். நூல் முழுவதினும் நெஞ்சை உருக்குவதும் இப்பகுதியே. குணங்களையுங் குற்றங்களையும் மாந்தராக்கி உலாவவிடும் ஏனைய பகுதிகளில், பாத்திரத்தின் பெயரைக் கேட்ட அளவிலே அதன் செயல் விளங்கிவிடுதலிற் சுவை குன்றும்.

இனி, பிறர் கொள்கையை ஆராயப் புகுவார் அதனை அவர் உடன்படுமாறே முன்னர் எடுத்துரைத்தல் வேண்டும். அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிற் பதினான்கு மதங்களையும் பரபக்கத்து நிறுவிய பின்னரே சுபக்கங் கூறினார். ஆறுமுக நாவலர் கிறித்தவர் வேதத்தைத் தமிழ்ப்படுத்தும் பணியிற் பேர்சிவல் பாதிரியாரோடு உழைத்து அந்நூலை நன்கு கற்றவர். 1849இல் இடைமருதூர்க்கு அணித்தாகிய திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்ற அப்பெரியார், 1854இல் வெளியிட்ட சைவ தூஷண பரிகாரத்துள், சைவக் கிரியைகளை இகழ்ந்தார்க்கு அவர்தம் வேதத்து விதித்த பலி முதலிய கிரியைகளையே எடுத்துக்காட்டி விடை கூறினார். அறியாது மறுத்தல் மறுப்பாகாது என்பதனை அவர் வழி கற்பிக்கின்றது. அவ்வாதீனத்திலேயே, கிறித்தவராகிய மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கும் சுப்பிரமணிய தேசிகர்க்கும் உற்ற நண்பராய் விளங்கினார். கொள்கை மாறுபாட்டொடு நட்பும் ஒருங்கு நிலவுதல் காவிரிநாட்டிற்குப் புதிதன்று.

கிறித்தவர் கூறுமாறு: மக்கட் கூட்டத்தார் பாவத்தாற் கடவுளைப் பிரிந்தனர். பண்டை யூதர் எருசலேம் ஆலயத்தில் ஆடும் மாடும் பலியிட்டுப் பாவநிவர்த்தி வேண்டினர், அவ்வாலயம் கி.பி. 70இல் உரோமராற் சிதைக்கப்பட்டதோடு அவ்வழிபாடும் ஒழிந்தது. அப்பலிகள் யாவும் நிழலாக, சிலுவையில் இயேசுநாதர் தம்மையே அளித்த ஒரு பலியே பொருளாம். அஃது ஒருமுறையே நிகழ்ந்து எக்காலத்தார்க்கும் பயன்படுவது. அதனை விசுவசித்தார்க்குப் பாவ மன்னிப்பு உண்டு. அவர் உயிர்த்தெழுந்தமையின் அவரைச் சேர்ந்தார்க்குப் புத்துயிரும் உண்டு என்பது. இப்பலி எவ்வாறு பயன் விளைக்கும் என்பதன்கண் அவருள்ளும் ஒருமைப்பாடு இல்லை. கி.பி. 1098ஐ ஒட்டி நூலியற்றிய அன்செல்ம் என்பார், இறைவன் மாட்சிமைக்கு நேர்ந்த இழுக்கினை ஈடுசெய்தலே அப்பலி என்றார். அவர்க்குச் சிறிது பிற்பட்ட அபெலார்டு என்பார், மக்கள் உள்ளத்தில் அன்பை எழுப்பும் அருட்செயலே அது என்றார். பதினாறாம் நூற்றாண்டிற் சீர்திருத்தக் கொள்கையினர், குற்றவாளி பெறற்குரிய தண்டத்தைக் குற்றமற்றார் ஏற்றதே என வற்புறுத்தினர். சுவீடன் தேசத்துக் குஸ்தாவ் ஔலேன் என்பார், 1931இல் ஆங்கிலத்தில் வெளிவந்த நூலொன்றில், பாவத்தையும் மரணத்தையும் இறைவனே பொருது வென்ற வெற்றியே அது என்பதுதான் பழையோர் கருத்து எனக் காட்டினார். ஆதலின், கிறித்தவக் கொள்கை இதுவே என ஒன்றனை மாத்திரங் கொண்டு மறுத்தல் அமையாது.

முதற்கண் பலி என்னுஞ் சொல்லை நோக்குக. கிறித்தவர் தமிழில் அது பெரும்பாலுங் கொலைப்படுதலை உள்ளடக்கி நிற்கும். தேவாரத் திருமுறைகளிலோ பலி என்பது பெரும்பான்மையும் பிச்சை என்னும் பொருட்டு. பலி ஏற்றுத் திரிபவன் இறைவனே. பிட்சாடன மூர்த்தமாய் மனைதோறுஞ் சென்று அவன் ஏற்பது உயிர்களின் யான் எனதென்னுஞ் செருக்கு எனப் பெரியோர் கருத்துரைப்பர். கொடிமரத்தை அடுத்த பலிபீடத்தின்கண் வணங்குவார் தம் தற்போதத்தை ஆண்டுப் பலியிட்டு உட்புகுதல் வேண்டும் என்பதும் அது பற்றியே. ஆகவே சைவத்திற் பலியாவது பசுத்துவம். பலி கொள்வோன் பதி. கிறித்தவத்திற் பலியாவானும் இறைவன் மகனே. ஒரு சொல்லே வழங்கினும் பொருள் எதிர்முகமாய் நிற்றலை அறியாதார், ஒற்றுமை கூறினும் வேற்றுமை கூறினும் வழுவுவர்.

ஒருவன் செய்த வினையைப் பிறனொருவன் நுகர்தல் எங்ஙனங் கூடும் என்பது சைவர் வினவும் வினா. வினை செய்தானைச் சார்வதன்றிப் பிறனைச் சார்தல் நீதியாகாது. குற்றமற்றான் தண்டிக்கப்படுதல் கண்டு குற்றமுடையானை விடுதல் நடுவுநிலை உடைய அரசற்கும் அடாது. இறைவற்கு அடுமோ என்பர். இவ்வினா வலியுடையதே. ஆயினும் கற்ற கிறித்தவர் இதற்குக் கூறும் விடையுங் கேட்கத்தக்கது. சிலுவையிற் பாடுபட்டார் கடவுளுக்கும் மனிதனுக்கும் இடையே நின்ற மூன்றாமவர் அல்லர். கடவுளே மனிதராய் வந்து, மன்னிப்பார் ஏற்கவேண்டிய இழப்பைத் தாமே ஏற்றார் என்பர் அவர். கடன் கொடுத்தவன் கடனைத் தள்ளுவானாயின் இழப்பு அவனதேயன்றோ என்பது அவர் கருத்து.

இவ்விடையை ஏற்றுக்கொண்டவழி, தடை நீதியினின்று நீங்கிப் பதியிலக்கணத்தைச் சாரும். பிறப்பும் இறப்பும் கன்மத்தான் வருவன. பதிக்குக் கன்மம் இன்மையின் அவன் கருவயிற்றுப்பட்டுப் பிறந்து உழன்று இறத்தல் இல்லை. உயிர்களை ஆட்கொள்ளுதற்கு அவன் கொள்ளுந் திருமேனி அருளான் ஆயது; மாயையான் ஆயதன்று. ஆலகால நஞ்சைத் தான் உண்டு அமரரைக் காத்தான் எனப் புராணங் கூறும். பிறர்க்கு வரும் கேட்டினைத் தான் ஏற்கும் பெருங்கருணை அதனால் விளங்கும். ஆயினும் அந்நஞ்சு அவன் மிடற்றளவில் நின்றது, அவனை வெல்லவில்லை. இறைவன் துன்பத்தை ஏற்றுத் தானும் இறந்தான் என்பதிற் கிறித்தவர் அவனது அன்பின் பெருமையைக் காண்பர். துன்பத்தை ஏற்றும் அதனாற் பற்றப்படான் என்பதிற் சைவர் அவ்வன்பின் வலிமையைக் காண்பர். இருசமயத்திற்கும் உள்ள மெய்யான வேறுபாடு இவ்விடத்ததேயன்றி, ஒன்றில் அருள் உண்டு, மற்றொன்றில் அருள் இல்லை என்பதன்று.

சைவத்தில் வினைப்பயன் மாத்திரம் உண்டு, மன்னிப்பு இல்லை எனப் பாதிரிமார் பலர் எழுதியதுண்டு. கன்மம் சடம்; தானே சென்று பயன் தரமாட்டாது; அறிந்து கூட்டுவிப்பவன் இறைவன். அவன் தண்டித்தலும், மக்களைத் திருத்தக் கருதித் தந்தை தாயர் ஒறுத்தல் போலும் கருணையே எனச் சித்தியார் விளக்கும். ஆதலின் தணிக்கப்படவேண்டிய சினம் ஒன்று அவன்பால் இல்லை. மலபரிபாகமும் இருவினையொப்பும் வந்து சத்திநிபாதம் நிகழ்ந்தவழி, அவனே குருவடிவாய் எழுந்தருளித் தீக்கையாற் சஞ்சித வினையைச் சுட்டெரிப்பான். பிராரத்தம் உடலூழாய் நுகர்ந்து கழியும். ஆகாமியம் ஞானத்தீயிற் பொரிந்து ஏறாதொழியும். இறைபணியின் வழுவாது நிற்பார் செய்வன யாவும் அவன் செயலாகவே கொள்ளப்படும் என்பதும் சாத்திரத் துணிபு. இதனினும் மிக்க மன்னிப்பு யாண்டு உளது?

ஆயினும் அம்மன்னிப்பு விளைவை இல்லதாக்குவதன்று. சுந்தரமூர்த்தி சுவாமிகள் திருவொற்றியூரிற் சூளுறவு பிழைத்துக் கண்ணிழந்தார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் பெற்றார். காஞ்சியில் இடக்கண் பெற்றார். திருவாரூரில் வலக்கண் பெற்றார். தம்பிரான் தோழர்க்கும் தோழர் அவ்விழப்பைத் தாம் ஏற்றுத் தவிர்த்திலர். வழிநெடுகத் துணைநின்று, நடந்து தீர்க்கச் செய்தார். பனியன் கதையினும், சுமை கழன்ற பின் யாத்திரிகன் செங்குத்தாகிய மலையேறுகின்றான். வழியில் உறங்கித் தன் கைச்சுருளை இழந்து, திரும்பச் சென்று தேடுகின்றான். இறுதியில் மரண நதியையுங் கடக்கின்றான். விசுவசித்த கணத்தே யாவும் முடிந்தன என எண்ணும் எளிய கிறித்தவர்க்கு அவர் காப்பியமே விடை கூறும்.

மூன்றாவதாகிய புதுவாழ்வை நோக்குக. மறுபிறப்பு என்னுஞ் சொல்லைக் கேட்ட அளவிலே சைவன் அஞ்சுவன். அஃது அறுக்கப்படவேண்டிய தளை. கிறித்தவனோ மறுபடியும் பிறத்தலையே வேண்டுவன். இரவில் வந்து வினவிய நிக்கோதேமு என்னும் முதியவர், தாய் வயிற்றில் மீளப் புகுதல் கூடுமோ என ஐயுற்றார் என அவர் வேதத்தின் யோவான் பகுதி கூறும். அப்பிறப்பு உடம்பின் பிறப்பன்று. நீராலும் ஆவியாலும் நிகழும் அகப்பிறப்பு என்பது ஆண்டுப் பெற்ற விடை. ஞானஸ்நானத்தில் நீருள் அமிழ்தல் கிறித்துவோடு அடக்கம் பெறுதல், எழுதல் அவரோடு உயிர்த்தல் எனப் பவுல் விளக்கினார். இக்கருத்துச் சைவர்க்கு அயலன்று. தீக்கையின்கண் ஆசாரியன் மாணாக்கனது உயிரை வாகீசுவரியின் கருப்பத்து வைத்துச் சிவபுத்திரனாகப் பிறப்பித்தலை ஆகமங்கள் விதிக்கின்றன. பிறவியை அறுத்தற்கு ஒரு பிறவி இருசாராராலும் உடன்படப்பட்டது. பனியன் கதையிற் சுமை இழந்தானுக்கு ஒளியுருவினர் மூவர் தோன்றி, பாவம் மன்னிக்கப்பட்டமை கூறி, கந்தையைக் களைந்து புத்தாடை உடுத்து, நெற்றியில் ஒரு குறியும் இட்டனர் என வருவதைப் படிக்குஞ் சைவர்க்குத் திருநீறு நினைவிற்கு வாராதொழியாது.

இனி, இக்காப்பியத்தில் உள்ள பெருங்குறை யாது? யாத்திரிகன் முதுகில் இருந்த சுமை அவனைமட்டும் அழுத்தும் சுமை. அவன் யாருக்குத் தீங்கு செய்தான், அத்தீங்கால் வருந்தினார் யாவர், சுமை வீழ்ந்த நாளில் அவர் கண்ணீர் நின்றதோ என்னும் வினாக்கள் ஆண்டு எழவே இல்லை. கடவுளும் அவனும் ஆகிய இருவரே அவ்வரங்கில் உளர். இக்குறையைக் கூறுஞ் சைவர் தம் மனையையும் நோக்கல் வேண்டும். வரகுணன் உய்ந்தான், நன்று. குளம்படியில் இறந்த அந்தணன் மனையிற் காத்திருந்தார் நிலை யாதாயிற்று? கீழைவாயிலிற் பிரமகத்தி நின்றது என மகிழும் நெஞ்சம் இதனையும் வினவுதல் வேண்டும்.

இதற்கு விடை, இடைமருதூரினின்று தொலைவில் அல்லாத திருவாரூரில் உளது. மனுநீதிச் சோழன் மைந்தன் ஏறிய தேரின் காலில் ஓர் ஆன்கன்று பட்டு இறந்தது. அதுவும் அறியாது நேர்ந்ததே. அமைச்சர், வேதம் விதித்த கழுவாய் செய்தல் அமையும் என்றனர். அரசன் அதனை ஏற்றிலன். கன்றை இழந்து அலறும் தாய்ப்பசுவின் துயரைக் கழுவாய் தீர்க்குமோ என்பதே அவன் கேட்டது. அதன் துன்பத்தைத் தானும் உறுதலே அறம் எனத் துணிந்து, தன் ஒரு மகனைத் தேர்க்காலிற் கிடத்தி ஊர்ந்தான். தந்தை ஒரு மகனை அளித்த இவ்வரலாற்றையும், பிதா ஒரே குமாரனை அளித்தார் என்னுங் கிறித்தவர் கூற்றையும் ஒப்புநோக்குவார், ஈண்டுக் குற்றமுடையானுக்கு ஈடாகக் குற்றமற்றான் வைக்கப்படாமையைக் கருதுக. வீதிவிடங்கப் பெருமான் வெளிப்பட்டருளிய அளவிலே, கன்றும் எழுந்தது, மைந்தனும் எழுந்தான், அரசன் ஏவலைச் செய்ய ஆற்றாது உயிர்விட்ட அமைச்சனும் எழுந்தான். ஆண்டுப் புதுவாழ்வு பிழைத்தானுக்கு மட்டுமன்றி, முதற்கண் இழந்ததற்கே வழங்கப்பட்டது என்பது உணரற்பாலது. வரகுணன் வரலாற்றை இதனோடு சேர்த்தே ஓதுதல் வேண்டும்.

கிறித்தவர் வேதத்தும் இக்கருத்து இல்லாமல் இல்லை. காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்த ஒருவன், தன்மேற் குறையுடைய சகோதரன் உளன் என நினைந்தானாயின், அதனை ஆண்டே விட்டுச் சென்று, அவனோடு ஒப்புரவான பின்னரே செலுத்துக என்பது இயேசுநாதர் போதனை. எரிகோ நகரத்து வரி தண்டும் சகேயு என்பான், தான் வஞ்சித்துக் கொண்டதை நான்கு மடங்காக மீள அளிப்பதாக உறுதி கூறியபோதே, அவன் மனைக்கு இரட்சிப்பு வந்தது என அவர் மொழிந்தார். ஹிட்லர் ஆட்சியை எதிர்த்துச் சிறைப்பட்டு 1945இல் தூக்கிலிடப்பட்ட செருமானியப் போதகர் போன்ஹோபர், மனமாற்றத்தை வேண்டாத மன்னிப்பை மலிந்த அருள் என 1937இல் இகழ்ந்தெழுதினார். கிருஷ்ண பிள்ளையின் காப்பியம் இச்செய்திகளுள் ஒன்றனையேனும் சிலுவையினடியிற் பெய்திருப்பின், அதன் சுவையும் பயனும் இருமடங்காயிருக்கும்.

மன்னிக்கும் உரிமை இறைவற்கு உளதாயினும், தீங்குற்றானுக்கும் உளது. தம்மைச் சிலுவையில் அறைந்தாரைப் பொறுக்குமாறு இயேசுநாதர் வேண்டிய இடத்திற்றான் இரட்சணிய சரிதம் தன் உச்சியை எய்துகின்றது. ஆண்டுப் பேசுபவர் தீங்குற்றவரே. அடியார் வேடத்து வந்து தம்மைக் குத்திய முத்தநாதனை, வாளோங்கிய தத்தனைத் தடுத்து, ஊறின்றி ஊர்ப்புறத்து விட்டுவரப் பணித்த மெய்ப்பொருள் நாயனாரும் தீங்குற்றவரே. முன்னவர் செய்தார் அறியாமையை நோக்கினார். பின்னவர் திருவேடத்தின் மாட்சியை நோக்கினார். நோக்கம் வேறாயினும் இருவர் உள்ளத்தும் பகை நின்றிலது.

ஆகவே சைவர் இக்காப்பியத்தைக் கற்றல் தகும். பதி பிறந்து இறந்தான் என்பதனை உடன்படாமலும், இறைவன் உயிர்கள்பொருட்டு இரங்குகின்றான் என்பதனை மறவாமலும் கற்றல் வேண்டும். கிறித்தவரும் சைவத்தை வினையின் இரும்புச் சங்கிலி எனக் கருதுதலை ஒழித்து, தீக்கையின் இயல்பையும் சுந்தரர் வரலாற்றையும் நோக்குதல் வேண்டும். இருவர்க்கும் பொதுவாகிய கடன் ஒன்று உண்டு. திருக்கோயிலை அடையுமுன்னும், அடைந்து மீண்ட பின்னும், தம்மால் வருந்தினார் மனைவாயிலை அடைந்து, எடுத்ததைக் கொடுத்து, எடுத்தல் இயலாததற்குத் தலைதாழ்ந்து நிற்றலே அது. அக்கடனை ஆற்றுவார்க்கே இறைவன் அருள் முழுதும் பயப்படும் என்க.